ராணி வேண்டாம், யானை போதும்!

சதுரங்கத்தில் பலரும் மறந்துபோகும் ஒரு யுக்தி

ஒரு சிப்பாய் நடந்து வருகிறான். ஒவ்வொரு கட்டமாக வருகிறான். வழியில் எத்தனையோ ஆபத்து. எல்லாவற்றையும் கடந்து எதிரியின் கோட்டைக்குள் புகுந்துவிட்டான். கடைசிக் கட்டத்தில் கால் வைத்துவிட்டான்.

அவனுக்கு ஒரு வரம் கிடைக்கிறது. "ராணியாகலாம். யானையாகலாம். மந்திரியாகலாம். குதிரையாகலாம். உனக்கு எது வேண்டும்?"

நீங்களாக இருந்தால் எதைக் கேட்பீர்கள்? "இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ராணிதான்!" என்பீர்கள்.

பெரும்பாலும் அது சரிதான். ஆனால், சில சமயம் அதே ராணி உங்கள் வெற்றியைப் பறித்துவிடுவாள். யாரும் மதிக்காத யானையோ குதிரையோ கை கொடுத்துத் தூக்கிவிடும்.

நம்ப முடியவில்லையா? மேலே படியுங்கள்.

காரைக்குடிப் பிள்ளை

சதுரங்கம் என்றால் தமிழ்நாட்டுக்குத் தனிப் பெருமை உண்டு. இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் மானுவேல் ஆரோன். 1961-ம் ஆண்டு அந்தப் பட்டம் அவருக்குக் கிடைத்தது. இந்தியாவின் முதல் கிராண்ட் மாஸ்டர் விசுவநாதன் ஆனந்த். அது 1988-ம் ஆண்டு. 2022-ம் ஆண்டு ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் உலக நாடுகள் எல்லாம் மாமல்லபுரத்துக்கு வந்து செஸ் ஒலிம்பியாடில் ஆடின. 2024-ம் ஆண்டு டிசம்பரில் சென்னைப் பையன் குகேஷ், சிங்கப்பூரில் சீன வீரர் டிங் லிரனைத் தோற்கடித்து உலக சாம்பியன் ஆனார். அப்போது அவருக்கு வயது 18.

செட்டிநாட்டுக்கும் இந்தப் பெருமையில் பங்கு இருக்கிறது. காரைக்குடியைச் சேர்ந்தவர் எம். பிரணேஷ். 2023-ம் ஆண்டு ஜனவரியில், சுவீடன் நாட்டின் தலைநகரான ஸ்டாக்ஹோமில் நடந்த ரில்டன் கோப்பைப் போட்டியில் வெற்றி பெற்றார். இந்தியாவின் 79-வது கிராண்ட் மாஸ்டர் ஆனார். அப்போது அவருக்கு வயது 16தான்!

அதன் பிறகு இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சதுரங்கம் வெளியூர் விளையாட்டாகத் தெரியவில்லை. 'நம் ஊர்ப் பையன் ஜெயித்த ஆட்டம்' ஆகிவிட்டது. பலகை இல்லாவிட்டால் என்ன? கையில் செல்போன் இருக்கிறதே! முகம் தெரியாத ஆளோடு, எந்த நாட்டு ஆளோடும், எந்த நேரமும் ஆடலாம்.

அங்கேதான் வருகிறது வினை.

திண்ணையில் ஒரு வழக்கு

காரைக்குடியை அடுத்த மானகிரியில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். திண்ணையில் தாத்தா உட்கார்ந்திருக்கிறார். செட்டிநாட்டில் தாத்தாவை 'ஐயா' என்று கூப்பிடுவார்கள். பேரன் செல்போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறான். கண்ணில் நீர் முட்டுகிறது.

"ஐயா, நான் ஜெயிக்க வேண்டிய ஆட்டம்! சிப்பாய் கடைசிக் கட்டத்துக்குப் போய்விட்டது. ராணியும் வந்துவிட்டது. 'ஆட்டம் சமன்' என்று போட்டுவிட்டது, ஐயா!"

"எதிராளியிடம் என்ன பாக்கி இருந்ததுடா ராசா?"

"ஒன்றுமே இல்லை. ராஜா மட்டும்தான்."

"அந்த ராஜா நகர இடம் இருந்ததா?"

பேரன் பலகையைப் பார்க்கிறான். பேச்சு வரவில்லை.

ஆம், அதுதான் விஷயம். சதுரங்கத்தில் ஒரு விதி இருக்கிறது. எதிரி ராஜாவைத் தாக்கி, தப்ப வழி இல்லாமல் மடக்கினால் வெற்றி. ஆனால், ராஜாவைத் தாக்காமல், அவன் நகர ஓர் இடமும் இல்லாமல், நகர்த்த வேறு காயும் இல்லாமல் செய்துவிட்டால் வெற்றி இல்லை. ஆட்டம் சமன்! நூறு மடங்கு பலம் உங்களிடம் இருந்தாலும் சமன்தான். செத்தவன் பிழைத்த கதைதான்.

ராணிக்குப் பலம் அதிகம். எட்டுத் திசையிலும் பாய்வாள். அதனால்தான் ஆபத்தும் அதிகம். எதிரி ராஜா மூச்சுவிட வைத்திருந்த ஒரே இடத்தையும் அவள் அடைத்துவிடுவாள்.

பேரன் ஆடிய நிலையை நீங்களும் வீட்டில் வைத்துப் பாருங்கள். சதுரங்கப் பலகையில் வெள்ளைக்காரர் பக்கத்திலிருந்து இடமிருந்து வலமாக ஏ, பி, சி, டி, ஈ, எஃப், ஜி, எச் என்று 8 வரிசை. கீழிருந்து மேலாக 1 முதல் 8 வரை எண். வெள்ளை ராஜா சி6-ல் நிற்கிறார். வெள்ளைச் சிப்பாய் சி7-ல் நிற்கிறான். கறுப்பு ராஜா ஏ7-ல் நிற்கிறார். வேறு காய் ஒன்றும் இல்லை. இப்போது வெள்ளை ஆட வேண்டும். சிப்பாய் சி8-க்குப் போகிறான். அவனை என்னவாக மாற்றினால் வெற்றி?

யோசித்துக்கொண்டே படியுங்கள். விடை கட்டுரையின் கடைசியில் இருக்கிறது.

ராணிக்கு அந்தக் காலத்தில் பலம் இல்லை

ராணிக்கு இவ்வளவு பலம் எப்போது வந்தது? இது ஒரு சுவையான கதை.

சதுரங்கம் நம் நாட்டில் பிறந்தது. யானை, குதிரை, தேர், காலாள் என்ற நால்வகைப் படைதான் அதன் பெயருக்கே காரணம். திருவாரூர் மாவட்டம் திருப்பூவனூரில் உள்ள சிவன் கோவிலில் சுவாமிக்குப் பெயரே சதுரங்க வல்லபநாதர்! சிவபெருமான் அரசகுமாரியோடு சதுரங்கம் ஆடி வென்று மணந்தார் என்பது அந்தத் தலத்தின் வரலாறு.

பழைய சதுரங்கத்தில் ராணி என்ற காயே இல்லை. ராஜாவின் பக்கத்தில் ஓர் ஆலோசகர் நிற்பார். குறுக்காக ஒரே ஒரு கட்டம்தான் அவரால் நகர முடியும். பாவம், அவ்வளவுதான் அவர் பலம்!

இந்த ஆட்டம் பாரசீகம் போனது. அரேபியா போனது. ஐரோப்பா போனது. அங்கே ஆலோசகர் ராணியாக மாறினார். ஆனாலும் ஒரு கட்ட நகர்வுதான். 15-ம் நூற்றாண்டின் கடைசியில்தான் விதி மாறியது. ராணி எல்லாத் திசையிலும் எவ்வளவு தூரமும் பாயலாம் என்றார்கள். ஸ்பெயின் நாட்டில் இந்தப் புது ஆட்டம் முதலில் பரவியது. அன்று முதல் ராணிதான் பலகையின் மகாராணி! கடைசிக் கட்டத்தை அடைந்த சிப்பாய்க்கும் அன்றுதான் பெரிய யோகம் அடித்தது.

நம் நாட்டில் பல இடங்களில் ஆடிய பழைய முறை வேறு. அதில் சிப்பாய் இஷ்டப்பட்ட காயாக மாற முடியாது. எந்தக் காயின் வரிசையில் போய்ச் சேர்ந்தானோ, அந்தக் காயாகத்தான் மாற வேண்டும். குதிரை நிற்கும் வரிசையா? குதிரை. யானை நிற்கும் வரிசையா? யானை. பிறந்த வீட்டை வைத்துப் பதவி கொடுப்பது போன்ற விதி!

இந்த முறையில் ஆடிப் பழகியவர்தான் பஞ்சாபைச் சேர்ந்த மீர் சுல்தான் கான். பிறகு அவர் ஐரோப்பிய விதியைக் கற்றுக்கொண்டார். இங்கிலாந்து போனார். 1929, 1932, 1933 ஆகிய 3 ஆண்டுகளில் பிரிட்டிஷ் சாம்பியன் பட்டத்தை வென்றார். உலகமே மூக்கில் விரலை வைத்தது.

இன்றைய விதிப்படி சிப்பாய்க்குச் சுதந்திரம் உண்டு. ராணி, யானை, மந்திரி, குதிரை நான்கில் எதுவாகவும் மாறலாம். பலகையில் ஏற்கெனவே ராணி இருந்தாலும் இன்னொரு ராணி வரலாம். ராஜாவாக மட்டும் மாற முடியாது. சிப்பாயாகவே இருந்துவிடவும் முடியாது.

குதிரையின் தனி வித்தை

மற்றக் காய்களுக்கும் குதிரைக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. யானை நேராகப் போகும். மந்திரி குறுக்காகப் போவார். ராணி இரண்டு வகையிலும் போவாள். ஆகவே, யானையும் மந்திரியும் செய்யும் வேலையை ராணி ஒருத்தியே செய்துவிடுவாள். ஆனால், குதிரை தாவுகிற தாவலை ராணியால் தாவ முடியாது!

ஆகவே, குதிரையாக மாறுவது சில சமயம் தாக்குவதற்கே உதவும். அதற்குப் பிரபலமான ஓர் உதாரணம் 'லாஸ்கர் பொறி'. எமானுவேல் லாஸ்கர் 1894 முதல் 1921 வரை உலக சாம்பியனாக இருந்த ஜெர்மானியர். அவர் பெயரால் இந்தப் பொறி வழங்குகிறது.

ஆட்டம் தொடங்கி 7-வது நகர்வு. அதற்குள் கறுப்புச் சிப்பாய் ஒருவன் எதிரிகளை வெட்டிக்கொண்டே கடைசிக் கட்டத்துக்கு வந்துவிடுகிறான். ஒரே சிப்பாய் 5 முறை நகர்ந்து இந்த அதிசயத்தைச் செய்கிறான். அங்கே நிற்கும் வெள்ளைக் குதிரையையும் வெட்டிவிட்டான். இப்போது என்னவாக மாறுவது?

ராணியாக மாறினால் என்ன ஆகும்? வெள்ளை ராணி பாய்ந்து வந்து கறுப்பின் பழைய ராணியை வெட்டி, கறுப்பு ராஜாவுக்குச் 'செக்' வைப்பாள். கறுப்பு ராஜா அவளை வெட்டியே தீர வேண்டும். அந்த நேரத்தில் வெள்ளை யானை, புதிதாகப் பிறந்த ராணியை வெட்டிவிடும். இரண்டு ராணியும் போச்சு!

குதிரையாக மாறினால்? அந்தக் குதிரை பிறந்த கணமே வெள்ளை ராஜாவுக்குச் 'செக்'! வெள்ளை ராணிக்கு வேறு வேலை பார்க்க நேரமே இல்லை. ராஜாவைக் காப்பாற்ற வேண்டும். யானையால் குதிரையை வெட்டினால், கறுப்பு மந்திரி பாய்ந்து வந்து ராஜாவுக்குச் 'செக்' வைப்பார். ராஜா விலகினால், அவருக்குப் பின்னால் அதே கோட்டில் வெள்ளை ராணி நிற்கிறாள். அவள் கதி அதோகதி!

ராணிக்கு 9 மதிப்பெண், யானைக்கு 5, குதிரைக்கும் மந்திரிக்கும் 3, சிப்பாய்க்கு 1 என்று கணக்குப் போட்டுச் சொல்லிக்கொடுப்பார்கள். கணக்கு சரிதான். ஆனால், அந்தக் கட்டத்தில், அந்த நேரத்தில் 3 மதிப்பெண் குதிரை 9 மதிப்பெண் ராணியைவிடப் பெரியது.

பாதிரியார் கண்ட ஒரே நகர்வு

யானையின் கதை இதைவிட விசித்திரமானது.

1895-ம் ஆண்டு. ஸ்காட்லாந்து நாட்டின் கிளாஸ்கோ நகரம். அங்கே ஒரு வாரப் பத்திரிகையில் பார்பியர் என்பவர் சதுரங்கப் பகுதி எழுதிவந்தார். 1875-ம் ஆண்டு லண்டனில் நடந்த ஓர் ஆட்டத்தை நினைவில் வைத்து அவர் ஒரு புதிர் போட்டார். வெள்ளையிடம் ராஜாவும் சிப்பாயும். கறுப்பிடம் ராஜாவும் யானையும். "கறுப்பு ஆட்டத்தைச் சமன் செய்துவிடும்" என்பது அவர் சொன்ன விடை.

விடை மிக அழகானது. வெள்ளைச் சிப்பாய் ராணியாகிறான். கறுப்பு யானை வேண்டுமென்றே ராணியின் முன்னால் வந்து செக் வைக்கிறது. "என்னை வெட்டு" என்கிறது! ராணி வெட்டியே ஆக வேண்டும். வெட்டியதும் மூலையில் நிற்கும் கறுப்பு ராஜாவுக்கு நகர இடம் இல்லை. ஆட்டம் சமன்!

எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருவர் மட்டும் தலையாட்டவில்லை. அவர் பெயர் பெர்னாண்டோ சாவேத்ரா. ஸ்பெயின் தேசத்துப் பாதிரியார். அப்போது கிளாஸ்கோவில் இருந்தார். பெரிய ஆட்டக்காரர் அல்ல. பட்டம் எதுவும் வாங்கியவர் அல்ல.

அவர் சொன்னார்: சிப்பாயை ராணியாக்க வேண்டாம், யானையாக்குங்கள்!

கறுப்பு யானை இப்போது முன்னால் வந்து நின்றால், வெள்ளை யானை அதை வெட்டும். யானை நேராகத்தான் அடிக்கும், குறுக்காக அடிக்காது. ஆகவே, கறுப்பு ராஜாவுக்கு ஓர் இடம் மிச்சம் இருக்கும். ஆட்டம் சமன் ஆகாது. கறுப்பு தோற்கும். வேறு வழியில் போனாலும் வெள்ளை ராஜா ஒரே நகர்வில் யானையையும் மிரட்டுவார். மறுபக்கம் ராஜாவுக்கும் முடிவு காத்திருக்கும். தப்பவே முடியாது.

குறைந்த பலம் உள்ள காய். அதனாலேயே வெற்றி!

சாவேத்ரா பாதிரியார் சதுரங்கத்தில் வேறு எதையும் சாதிக்கவில்லை. ஆனால், அந்த ஒரே ஒரு நகர்வுக்காக நூறு வருஷத்துக்கு மேலாகியும் உலகம் அவர் பெயரைச் சொல்கிறது. 'சாவேத்ரா நிலை' என்றால் சதுரங்கம் படித்த எவருக்கும் தெரியும்.

மந்திரியாக மாறும் சந்தர்ப்பம்தான் எல்லாவற்றையும்விட அபூர்வம். ராணியாக மாறினாலும் சமன், யானையாக மாறினாலும் சமன் என்ற இக்கட்டில் மந்திரி வந்து காப்பாற்றுவார்.

தலைகீழாக நின்ற யானை

ராணி கேட்டவனுக்கு யானை கிடைத்த கதையும் உண்டு. அது சோகக் கதை.

2017-ம் ஆண்டு கனடா நாட்டுச் சாம்பியன் பட்டத்துக்கான போட்டி. இருவர் சமமாக நின்றார்கள். நிகோலாய் நோரிட்சின் ஒருவர். பாட்டோர் சம்புயேவ் மற்றவர். வெற்றியை முடிவு செய்ய அதிவேக ஆட்டம் வைத்தார்கள். கடிகாரத்தில் சில விநாடிகளே பாக்கி. நோரிட்சினின் சிப்பாய் கடைசிக் கட்டத்தை அடைந்துவிட்டது.

ராணியை எடுக்கக் கை நீட்டினார். மேஜையில் ராணியைக் காணோம்! அவசரத்தில் ஒரு யானையை எடுத்துத் தலைகீழாக வைத்தார். ராணி என்று வாயால் சொன்னார். வீட்டில் விளையாடும்போது நாம் எல்லோரும் அப்படித்தானே செய்கிறோம்?

ஆனால், பந்தய நடைமுறை வேறு. தலைகீழாக வைத்தாலும் யானை யானைதான்! நடுவர் குறுக்கிட்டு அப்படியே தீர்ப்புச் சொன்னார். ஆட்டம் போயிற்று. பட்டமும் போயிற்று. காணாமற்போன ராணி எதிராளியின் கையிலேயே இருந்தது என்பது பிறகு வீடியோவில் தெரிந்தது.

பந்தயம் ஆடும் பிள்ளைகள் இதை மனத்தில் வைக்க வேண்டும். வேண்டிய காய் பக்கத்தில் இல்லையென்றால் பதற வேண்டாம். கடிகாரத்தை நிறுத்திவிட்டு நடுவரைக் கேட்கலாம். விதி அதற்கு இடம் கொடுக்கிறது. ஆனால், புதுக் காய் கட்டத்தைத் தொட்டுவிட்டால் தொட்டதுதான். பிறகு மாற்ற முடியாது.

செல்போனில் ஆடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பல செயலிகளில், சிப்பாய் கடைசிக் கட்டத்தை அடைந்ததும் கேட்காமலே ராணியாக்கிவிடும் ஏற்பாடு இருக்கிறது. நேரம் மிச்சமாகட்டும் என்று வைத்திருக்கிறார்கள். அதை அமைப்புகளில் போய் நிறுத்திவிடலாம். நிறுத்தினால், எந்தக் காய் வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் கேட்கும். ஒரு விநாடி செலவு. ஆனால், ஓர் ஆட்டம் மிச்சம்!

ஆடு புலியிலும் இதே பாடம்

சதுரங்கம் தெரியாத பெரியவர்களுக்கும் இந்த நுட்பம் புதிதல்ல. ஆடு புலி ஆட்டம் ஆடியவர்கள்தானே! வழக்கமான ஆட்டத்தில் 3 புலி, 15 ஆடு. புலி தாண்டிக் குதித்து ஆட்டை வெட்டும். ஆட்டால் ஒன்றையும் வெட்ட முடியாது. 'எனக்குப் புலி' என்றுதான் சின்னப் பிள்ளைகள் சண்டை போடுவார்கள்.

ஆனால், நிதானமாக ஆடத் தெரிந்தவர் கையில் ஆட்டைக் கொடுத்துப் பாருங்கள். ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக ஆட்டை நிறுத்துவார். பின்னால் இடம் காலியாக இல்லையென்றால் புலியால் தாண்ட முடியாது. கொஞ்சம் கொஞ்சமாக மூன்று புலியும் அசைய வழி இல்லாமல் மாட்டிக்கொள்ளும். ஆட்டின் பலம் வெட்டுவதில் இல்லை, அடைப்பதில் இருக்கிறது.

இன்றைய கம்ப்யூட்டர் விளையாட்டுகளிலும் இதே கதைதான். 'டோட்டா 2' என்று ஒரு விளையாட்டு. அணிக்கு 5 பேராக 10 பேர் மோதுவார்கள். 2024-ம் ஆண்டு மே மாதம் அதில் ஒரு புது விதி கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு வீரனுக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட திறன் வகை இருந்தது. ஆட்டம் தொடங்கும் முன் அவற்றில் ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. எல்லோரும் எடுப்பதையே எடுப்பதா? எதிரே நிற்கும் அணியைப் பார்த்து எடுப்பதா? சிப்பாயின் முன்னால் இருக்கும் அதே கேள்வி!

வீட்டுக்கு வீடு

பிள்ளைகள் இந்த யுக்தியைக் கற்றுக்கொண்டால் ஆட்டத்தில் சில வெற்றி கூடும். பெற்றோர் இதை யோசித்தால் வேறொன்றும் விளங்கும்.

வீட்டுக்கு வீடு என்ன நடக்கிறது? பிள்ளை கடைசிப் பரீட்சை எழுதி முடித்ததும் எல்லோரும் ஒரே பதவியைச் சொல்கிறார்கள். ஊரில் எது பெரிதோ அதுதான் தன் பிள்ளைக்கும் வேண்டும் என்கிறார்கள். பிள்ளை நிற்கும் கட்டம் எது, அவனுக்கு எந்தத் தாவல் வரும் என்று பார்ப்பவர்கள் சிலர்தான். ராணி பெரியவள்தான். யார் இல்லை என்றது? ஆனால், குதிரையின் தாவல் அவளுக்கு வராது என்பதும் உண்மை.

சரி, புதிருக்கு வருவோம்.

வெள்ளைச் சிப்பாய் சி8-க்குப் போகிறான். ராணியாக்கினால், கறுப்பு ராஜாவுக்கு நகர இடம் இல்லை. ஆட்டம் சமன். குதிரையாக்கினாலும் மந்திரியாக்கினாலும், ராஜாவோடு அந்த ஒரு காயை வைத்துக்கொண்டு ஜெயிக்கவே முடியாது. அதுவும் சமன்தான்.

யானையாக்குங்கள். கறுப்பு ராஜாவுக்கு ஏ6 ஒன்றுதான் வழி. அவர் அங்கே போனதும் யானையை ஏ8-க்குக் கொண்டுவாருங்கள். நேர்க்கோட்டில் 'செக்'! பக்கத்து வரிசையை வெள்ளை ராஜா காத்து நிற்கிறார். தப்ப இடம் இல்லை.

ஆட்டம் முடிந்தது. வெற்றி உங்களுக்கு!